நாய் உயிரோடுதான் இருந்தது

12-6-1978, திங்கள்

லேபில் இன்று நாற்பத்தொரு மலேரியா ஸ்லைடு, மூன்று சளி. மைக்ராஸ்கோப் லென்சில் பூசணம் பிடித்திருக்கிறது. எழுதிப்போட்டு ஒரு மாதம் ஆகிறது, சித்தூர் பெரியாஸ்பத்திரியில் யார் கவலைப்படுகிறார்கள். நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து எர்னஸ்டைத் திருப்பிப் படுக்க வைத்தேன். இடுப்புப் புண் கொஞ்சம் ஆறியிருக்கிறது. மூத்திர டியூபை மாற்றினேன். அரிசி களைந்து வைத்துவிட்டு இந்த நோட்டைத் தேடி எடுத்தேன்.

பிப்ரவரிக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. நடந்ததை ஒரு தடவையாவது எழுதிவைக்க வேண்டும்.

பிப்ரவரி ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வரும்போது எதிர்வீட்டு மாங்காய் மண்டி கோவர்த்தனனின் நாய் என் வீட்டுக்காரரைத் தொடையில் கடித்தது. மறுநாளே ஊசி ஆரம்பித்தோம். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் அதற்கு வெறி இல்லை, ஊசியை நிறுத்திவிடலாம். இது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மூன்றாம் நாள் கோவர்த்தனன் எங்கள் வாசலில் நின்று, நாய் செத்துவிட்டது, புதைத்துவிட்டோம் என்றார். அப்படியானால் வெறிநாய்தான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியும் போட்டாயிற்று. பதின்மூன்றாம் நாள் ஜுரம். பதினைந்தாம் நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார், இடது கால் வரவில்லை, சாயங்காலத்துக்குள் வலதும் போயிற்று.

வேலூரில் இரண்டு மாதம் வைத்திருந்தோம். ஊசி மருந்து ஆட்டு மூளையில் செய்வது, சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்கள். மிஷன் ஸ்கூலில் பதினேழு வருஷம் டிரில் மாஸ்டர். நாற்பத்திரண்டு வயது.

நாய்க்கு வெறி பிடித்ததற்கு யாரைக் குறை சொல்ல? அப்படித்தான் இத்தனை நாள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

18-6-1978, ஞாயிறு

நாய் உயிரோடு இருக்கிறது.

லேபில் கூட வேலை செய்யும் பெண்ணின் தங்கைக்குப் பங்காருபாளையத்தில் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். வழியில்தான் கோவர்த்தனனின் தோப்பு. காய் பறித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் கொட்டகை பக்கத்தில் சங்கிலியில் ஒரு செவலை நாய். நெற்றியில் வெள்ளை, எதிர்வீட்டு டைகருக்கு இருந்த மாதிரி. வேறு நாயாக இருக்கும் என்று நாலடி தாண்டி வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போய் வேலிக்கு வெளியே நின்று "டைகர்" என்றேன்.

வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றது. அதே நாய். நாலு மாசமா துன்னு துன்னு கொழுத்துப்போயிருக்குது.

எர்னஸ்டிடம் சொன்னேன். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது மணி, உடு" என்றார். உடுவதா? எப்படி இந்த மனுஷனால் உடு என்று சொல்ல முடிகிறது?

19-6-1978

லேபுக்குப் போகவில்லை. நேராக மண்டிக்குப் போனேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. நூறு பேராவது இருப்பார்கள்.

"நாய் செத்துப்போச்சின்னு சொன்னியே, தோப்புல கட்டியிருக்கறது இன்னா, பேயா?" என்று கேட்டேன்.

முகம் மாறிவிட்டது. கும்பலிலிருந்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போகப் பார்த்தார், நான் நகரவில்லை. "ஏம்மா, அன்னிக்கி முனிசிபாலிட்டி ஆளு சுருக்குக் கம்பி எடுத்துக்கினு வந்து நின்னான். எட்டு வருசமா வளத்த நாயி. செத்துச்சின்னு சொன்னாத்தான் போவான். அவனுக்காகச் சொன்னேன்."

"அவன் போனதுக்கப்புறம் எங்க ஊட்டுக்கு வந்து சொல்றதுக்கு இன்னா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அப்புறம் சொன்னார்: "ஊசி நல்லதுதானம்மா. போட்டுக்கினா இன்னா கெட்டுப்போவுதுன்னு உட்டுட்டேன்."

எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன். உன் காலும் இதே மாதிரி போவணும், அத நான் கண்ணால பாக்கணும், அதுவரைக்கும் சாவமாட்டேன் என்று சொன்னேன். ஏலம் கூவுகிறவன்கூட வாயை மூடிக்கொண்டான்.

சொன்னதில் ஒரு வார்த்தைக்கும் நான் வருத்தப்படவில்லை.

27-6-1978

வக்கீல் வேதாச்சலத்தைப் பார்த்தேன். நாய் செத்ததாகப் பொய் சொன்னதற்கு எந்தச் செக்‌ஷனில் போடுவது என்று என்னையே கேட்கிறார். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

9-7-1978, ஞாயிறு

எலி பாஷாணம் தடவிய பன்னை எடுத்துக்கொண்டு பங்காருபாளையம் போனேன். அந்த நாய் என்னைப் பார்த்துக் குழைந்தது. பன்னைக் கால்வாயில் போட்டுவிட்டு வந்தேன். அதன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. வேண்டியது அந்த ஆள்.

பாஸ்டர் வந்திருந்தார். மன்னிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். காபி கொடுத்து அனுப்பினேன், வேதாச்சலம் எனக்குக் கொடுத்த மாதிரி.

7-8-1978, திங்கள், திருப்பதி

இரண்டு வாரம் லேப் டெக்னீஷியன் பயிற்சி. எர்னஸ்டைப் பார்த்துக்கொள்ள அவர் தங்கை லோயிஸ் வந்திருக்கிறாள். வர மனமில்லாமல்தான் வந்தேன். வந்தது நல்லதாயிற்று.

இன்று டாக்டர் வெங்கடரமணன் என்று ஒருவர் பாடம் எடுத்தார். இளம் வயது, பாதி தெலுங்கு பாதி இங்கிலீஷ், நடுநடுவே எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழ். வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட்டால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று போர்டில் வரைந்து காட்டினார். இத்தனை வருஷமாக வெள்ளை அணுக்களை எண்ணி எண்ணி ரிப்போர்ட் எழுதுகிறேன், அதுகளுக்குள் இத்தனை ஜாதி உண்டு என்று எனக்குத் தெரியாது.

ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் ஒன்று. வெளியே திரிகிற வைரஸை அது பிடித்துவிடும். வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துகொண்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது வருவதுதான் டி செல். மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி, அங்கே தேறி வருவதால் அந்தப் பெயராம். அது ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். எந்தச் செல்லின் மேல் வைரஸின் அடையாளம் தெரிகிறதோ அந்தச் செல்லையே கொன்றுவிடும்.

"ஊட்டோட சேத்து திருடனையா சார்?" என்று பின்பெஞ்சியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஊட்டோட சேத்துதான்" என்றார்.

தடுப்பூசி என்பது எதிரியின் முகத்தை முன்கூட்டியே காட்டிவைப்பது. காட்டியதும் அந்த முகத்துக்குப் பொருந்துகிற டி செல் ஒன்று ஆயிரமாகப் பெருகும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துவிடும். கொஞ்சம் மட்டும் சாகாமல் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். மறுபடி அந்த முகம் எதிரே வந்தால் விடாது.

இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. மறக்காது, மன்னிக்காது, ஓசையில்லாமல் காத்திருக்கும். நான் கோணல் புத்திக்காரி இல்லை. உடம்பை இப்படித்தான் செய்து வைத்திருக்கிறது.

10-8-1978, திருப்பதி

பாடம் முடிந்ததும் டாக்டரைத் தனியாகப் பிடித்து எர்னஸ்டைப் பற்றிச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அந்த மருந்துல வைரஸ் மட்டும் இல்லம்மா. ஆட்டு மூளையில வளர்த்து, கார்பாலிக் ஆசிட்ல கொன்னு, மூளையோட சேத்துத்தான் குடுக்கறோம். ஆட்டு நரம்பு மேல ஒரு உறை இருக்கு. மனுஷன் நரம்பு உறையும் கிட்டத்தட்ட அதேதான். தினம் தினம் காட்டினா, சில பேர் உடம்புல டி செல் அந்த உறையையும் எதிரின்னு எடுத்துக்குது. அப்புறம் சொந்த நரம்பையே உரிச்சிப்போடுது."

"எத்தனை பேர்ல ஒருத்தருக்கு சார்?"

"ஐந்நூறுல ஒண்ணுங்கறாங்க, ஐயாயிரத்துல ஒண்ணுங்கறாங்க. சரியான கணக்கு யார்கிட்டயும் இல்ல."

"பத்தோட நிறுத்தியிருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா ஊசி குறைஞ்சா அபாயமும் குறைச்சல்தான்."

பின்னே எதற்கு சார் அந்தக் கண்றாவியைப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெறிநோய் வந்துவிட்டால் ஒருத்தரும் பிழைப்பதில்லை, இங்கே கையில் இருப்பது இந்த மருந்துதான் என்றார்.

நியாயம்தான். மருந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு காலையும் பறித்தது எர்னஸ்டின் சொந்த அணுக்கள். அதுகள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? ஆடு செத்துப்போச்சு. மிச்சம் இருப்பது அந்தப் பொய் ஒன்றுதான். மறைத்தவன் கோவர்த்தனன்.

15-10-1978

எதிர்வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடிக்கிறார்கள்.

4-12-1978, திங்கள்

கோவர்த்தனனை நாய் கடித்துவிட்டது.

மறுபடி எழுதுகிறேன், எழுத இனிக்கிறது. நேற்று பொழுது சாயும் நேரம், மண்டி வாசலில், தெருநாய். இடது ஆடுசதையில் நன்றாகப் பல் பதிந்திருக்கிறது. இன்று முதல் ஊசி. நாய்க்கடி ஊசி போடுகிற கம்பவுண்டர் இயேசுதாசன் வந்து சொன்னார். கறுப்பு நாயாம், பாதி வால் இல்லையாம். கூலியாட்கள் துரத்திக்கொண்டு போய் அடித்துக் கொன்று ஏரிக்கரையில் போட்டுவிட்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாயைக் கொன்றுவிட்டால் பத்து நாள் பார்த்திருப்பது எப்படி? பதினான்கும் போட்டே ஆக வேண்டும்.

ஐந்நூறில் ஒன்று. ஆண்டவரே, அந்த ஒன்று இவனாக இருக்கட்டும்.

6-12-1978

மூன்றாவது ஊசி. கியூவில் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றதை லேப் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இயேசுதாசனிடம் தினமும் எத்தனையாவது என்று கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

11-12-1978, திங்கள்

எட்டாவது ஊசி.

லேபுக்குப் பின்னால், பிணவறை ஓரத்தில் குப்பை கொட்டும் இடத்துக்கு இன்று தட்டைக் கழுவிக் கொட்டப் போனேன். ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. பாதி வால் இல்லை, பழைய காயம், மயிர் முளைத்து மூடியிருக்கிறது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. முதுகில் தடியடித் தழும்பு புதிது.

கூலிக்காரன்கள் அடித்திருக்கிறான்கள், அது தப்பி ஓடிவிட்டது, முதலாளியிடம் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டான்கள்.

டிபன் டப்பாவிலிருந்த ரொட்டியைப் போட்டேன், தின்றது. ஒரு தட்டில் தண்ணீர் வைத்தேன். நக்கி நக்கி முழுசும் குடித்தது. கடித்து எட்டு நாள். வெறி கிடையாது. நாளை மறுநாளோடு பத்து.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்தாவதோடு நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் வாசலில் ஒரு வார்த்தை சொல்ல அந்த ஆளுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

12-12-1978

ஒன்பது. சொல்லவில்லை.

13-12-1978, புதன்

பத்து. நாய் நன்றாக இருக்கிறது. முன்னங்காலை ஊன்ற ஆரம்பித்துவிட்டது.

கோவர்த்தனனின் மனைவி ரத்தினம்மா லேப் வாசலுக்கு வந்தாள். ஜூனிலிருந்து அவளோடு நான் பேசுவதில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, வயித்துல கல்லு கல்லா கட்டிக்கினு கீது. ராத்திரி ஒடம்பு சுடுது. ஊசியால ஏதாச்சும் ஆயிடுமா அக்கா?"

"ஊசி நல்லதுதானம்மா" என்றேன். "போட்டுக்கினா இன்னா கெட்டுப்போவுது."

அவளுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை போலிருக்கிறது. நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். பழி வாங்குவது இத்தனை சுலபம் என்று எனக்கு இதுவரை தெரியாது. கையைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

14-12-1978, வியாழன்

பதினொன்று.

சாயங்காலம் எர்னஸ்டுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேனோ என்னவோ. நாயைப் பார்த்தது, தண்ணீர் வைத்தது, ரத்தினம்மாவிடம் சொன்ன பதில், எல்லாம் சொன்னேன். அவர் வாயைத் திறக்கவில்லை. ஸ்பூன் காற்றில் நிற்கிறது.

"போய்ச் சொல்லிடு மணி" என்றார்.

"மாட்டேன்."

"எனக்கும் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நாயி உயிரோட கீதுன்னு. ஏழாம் நாளே தெரியும். நீ லேபுக்குப் போனப்ப ரத்தினம்மா பின்பக்கமா வந்து சொல்லிச்சி. அண்ணா, நாய் தோப்புல கீது, நல்லாத்தான் கீது, எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்ன கொன்னுடுவாரு, ஆனா நீங்க ஊசிய நிறுத்திக்கலாம்னு சொல்லிச்சி."

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

நாகலாபுரத்தில் இவருடைய அண்ணன் நாய்க்கடியில் செத்தது எனக்குத் தெரியும். எப்படிச் செத்தார் என்று இன்றுதான் சொன்னார். இவருக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணனைத் தூணில் கட்டி வைத்திருந்தார்களாம். ஒரு சொம்பு தண்ணீரைக் கண்டு அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறதாம். கடித்த நாய் நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கும் நாலு பேர் வந்து சொன்னார்களாம். "பயம் மணி. அந்தப் பொம்பள சொல்றத நம்பி உட்டுட்டு, அப்புறம் வந்துட்டா? பதினாலையும் போட்டுக்கறேன்னு நானேதான் முடிவு பண்ணேன். உன்கிட்ட சொன்னா நீ நிறுத்திடுவ. அதான் சொல்லல."

"கால் போனதுக்கப்புறம்?"

"அப்புறம் எப்படிச் சொல்றது? என்னைத் தூக்கி ஒக்கார வெக்கறதும் நீதான். உனக்குத் திட்ட ஒரு ஆள் கெடச்சான். அவனே இருந்துட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன்."

அப்புறம் அழுதார். நான் அழவில்லை.

15-12-1978, வெள்ளி

காலையில் டியூப் கழன்றுபோய் அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். ஒரு மணி நேரம் அப்படியே ஈரத்தில் விட்டுவைத்தேன். சமையலறையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன், நான் எப்படிப்பட்டவள் என்று பிற்பாடு மறந்துவிடக் கூடாது.

யாரைத் தண்டிக்க வேண்டும்? பொய் சொன்னவனையா, பயந்தவரையா, திருட்டுத்தனமாக வந்தாவது உண்மையைச் சொன்ன அந்த ரத்தினம்மாவிடம் நேற்று முன்தினம் விஷம் மாதிரி பேசினேனே, என்னையா? வெங்கடரமணன் சொன்னதில் எனக்கு இனித்தது பாதி மட்டும்தான். காத்திருக்கும், மறக்காது என்பதை எழுதிக்கொண்டேன். அதே செல்தான் ஆள் தெரியாமல் இவருடைய நரம்பை உரித்தது என்று அவரே சொன்னார், அதையும் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுப் படிக்கவில்லை.

எட்டு மணிக்கு எதிர்வீட்டுக்குப் போனேன். கோவர்த்தனன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படியேறாமல் கீழேயே நின்று சொன்னேன். உங்களைக் கடித்த நாய் சாகவில்லை, பிணவறைக்குப் பின்னால் இருக்கிறது, பன்னிரண்டு நாள் ஆகிறது, இனிமேல் ஊசி வேண்டாம்.

"எப்ப பாத்த?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். இன்று காலையில் பார்த்தேன் என்றிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. "திங்கக்கெழம" என்றேன்.

விரல் விட்டு எண்ணினார். "நாலு நாளா கம்முனு இருந்துட்டு இன்னிக்கி வந்து ஊசி வேணாங்கற. நீ போடாதன்னு சொன்னா நான் போட்டுக்கணும்னு அர்த்தம். வெறி புடிச்சி நான் சாவணும், அதான் உனக்கு வேணும். மண்டில நூறு பேர் எதிர்ல சொன்னவதானே?"

ரத்தினம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். அதே நாய்தான் என்பதற்கு யார் சாட்சி, ரெஜிஸ்டரில் செத்ததாக அல்லவா இருக்கிறது, பேஷன்டே வேண்டாம் என்றால் நிறுத்தலாம் என்கிறார். பேஷன்ட் சட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறார். பன்னிரண்டு.

16-12-1978, சனி

இன்று நான் செய்ததைப் பார்த்து சித்தூரே சிரித்திருக்கும்.

கொடிக்கயிற்றை நாயின் கழுத்தில் கட்டினேன். ஐந்து நாள் ரொட்டி போட்ட பழக்கம், கூடவே நொண்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சர்ச் தெரு வழியாக மண்டி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனேன். எதிரில் பாஸ்டர் வந்தார். நமஸ்காரம் சொல்லவும் நேரமில்லை.

மண்டியில் எல்லோரும் தள்ளிப் போனார்கள். கோவர்த்தனன் மேஜை மேல் ஏறிவிட்டார். நான் நாயின் வாயை என் கையால் திறந்து காட்டினேன். தண்ணீர்ச் சட்டியை வைத்தேன், குடித்தது. "பாருங்க. நல்லாப் பாருங்க. இதுதான?"

"கறுப்பு நாய்க்கு வால அறுக்க எத்தினி நேரம் ஆவும்?" என்றார் மேலேயிருந்து.

"கிட்ட வந்து பாருங்க, பழைய காயம்."

வரவில்லை. துரத்திப்போன கூலியாளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "அது வேறங்க, நாங்க அடிச்சது செத்துப்போச்சி" என்றான். இத்தனை நாள் கழித்து எப்படி ஒத்துக்கொள்வான், கூலி போய்விடும்.

கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த ஆளை. கும்பிட்டு, "இன்னும் ஒண்ணுதான் பாக்கி, அதையாவது உட்டுடுங்க. நான் சொன்னதெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன்.

மேஜை மேலிருந்து குனிந்து நாயின் வாலைப் பார்த்தார். ஒரு நிமிஷம் நம்பிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, "நாய இட்டுக்கினு போம்மா, ஏவாரம் கெடுது" என்றார்.

பதின்மூன்று காலையிலேயே போட்டாகிவிட்டது.

17-12-1978, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இயேசுதாசனிடம் இன்று ஒரு நாள் மருந்துக்குப் பதிலாகத் தண்ணியை ஏற்றிவிடேன் என்று கேட்டேன். என் வேலை போய்டும்மா, நாளைக்கு அந்த ஆளுக்கு ஏதாவது ஆனா உன்னையும் என்னையும் சேத்துத்தான் உள்ள தள்ளுவாங்க என்றார். சரிதான்.

பதினான்கு.

24-12-1978, ஞாயிறு

கேரல் பாடுகிறவர்கள் வந்து போனார்கள். எர்னஸ்ட் படுத்தபடியே கூடப் பாடினார். நான் அவரோடு பேசுவதில்லை, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து. கஞ்சி கொடுக்கிறேன், துடைக்கிறேன், திருப்புகிறேன். பேச வாய் வரவில்லை.

இவருக்கு ஜுரம் பதின்மூன்றாம் நாள் வந்தது. கோவர்த்தனனுக்கு முதல் ஊசி போட்டு இன்றோடு இருபத்தொரு நாள். நாலு வாரம், ஐந்து வாரம் கழித்தும் வரலாமாம். டிசம்பர் நாலாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். ஐந்நூறில் அந்த ஒன்று இவனாக இருக்கட்டும். ஒரு தடவை கேட்ட ஜெபத்தை வேண்டாம் என்று சொல்லித் திருப்பி வாங்க முடியுமா?

30-12-1978

ஜன்னலிலிருந்து பார்த்தேன். கோவர்த்தனன் சைக்கிளில் போனார். சைக்கிளில் போகும்போது எப்படித் தெரியும், இறங்கி நடந்தால்தானே தெரியும்.

6-1-1979

எதிர்வீடு மூன்று நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. மண்டியும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்கிறார்கள். எந்த ஊருக்கு? வேலூர் ஆஸ்பத்திரிக்கா?

பூட்டை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

9-1-1979, செவ்வாய்

லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் பங்காருபாளையம் போனேன்.

தோப்பில்தான் இருந்தார்கள். மாம்பூ பிடிக்கிற நேரம், மருந்தடிக்க ஆள் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். கோவர்த்தனன் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்க முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று அவர் கால்களையே பார்த்தேன்.

"இன்னா, எப்ப விழுவேன்னு பாக்க வந்தியா?" என்றார்.

"ஆமா. எழுந்து நில்லுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து நின்றார். நடக்கச் சொன்னேன், கிணறு வரைக்கும் நடந்து திரும்பி வந்தார். குதிகாலில் நிற்கச் சொன்னேன், நின்றார். கேட்டதெல்லாம் செய்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "தெனம் காலைல எழுந்ததும் நானே நின்னு நின்னு பாக்கறேன். ராத்திரில கால் மரத்துப்போச்சின்னா தூக்கம் போயிடுது. உங்க சாருக்கு எந்தக் காலு மொதல்ல போச்சி?"

"எடது."

கட்டிலில் உட்கார்ந்து இடது காலை நீட்டினார். நான் மண்ணில் முட்டி போட்டு அந்தப் பாதத்தின் கீழே என் உள்ளங்கையை வைத்தேன். மிதிங்க, எவ்வளவு பலம் இருக்கோ அவ்வளவும் போட்டுத் தள்ளுங்க என்றேன்.

உலக்கை இடிக்கிற மாதிரி தள்ளினார். மணிக்கட்டு பின்னால் மடங்கி சுரீரென்று வலித்தது. இன்னொரு தடவை என்றேன். மறுபடி தள்ளினார்.

ரத்தினம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். எர்னஸ்டின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, என்ன சொல்லிப் பேச ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"காலு நல்லா கீது" என்றேன்.

யார் காலு என்று அவர் கேட்கவில்லை.